ஐந்நூறு பெயர்களுக்கு மட்டும்

செரண்டா கிளினிக்கில் பெயர் கூப்பிடும்போது நான் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூப்பிட்ட பெயருக்கு ஆள் எழுந்து வந்துவிட்டால் நிம்மதி. வராவிட்டால் வாசலைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். தாதி இரண்டாம் தடவை கூப்பிடுவாள், மூன்றாம் தடவை கூப்பிடுவாள், பிறகு அந்த அட்டையை அடியில் செருகிவிட்டு அடுத்ததை எடுப்பாள். அப்போது எனக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும்போல இருக்கும். சில நாள் போயும் இருக்கிறேன். என் முறை தவறி, சாயந்தரம் மறுபடி வந்து நின்றிருக்கிறேன்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் கடைசியில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்ட ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு எந்த லைசன்ஸ் வாங்குவது என்று முடிவு சொன்ன காகிதத்தை எழுதியவள் நான்தான். அந்த முடிவு சரியாக வருவதற்காக ஒரு பெயரை எடுத்துவிட்டேன். செத்துப்போன ஒருவருடைய பெயர். அந்தப் பெயரில்தான் அவர் மனைவி வேலை செய்துகொண்டிருந்தாள், அந்தப் பெயரில்தான் அவளுக்குக் கம்பெனி கொடுத்த லயத்து வரிசை வீடு இருந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. அதையும் சொல்கிறேன்.

நான் மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, எனக்குக் கீழே மூன்று பேர் இருந்தார்கள், அப்பா செம்பனைக் குலை வெட்டுபவர். டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் டைப்பிங் படித்தேன். அப்பா வேலை செய்த கம்பெனியிலேயே தலைமை ஆபீஸில் இடம் கிடைத்தது. படிப்பு பாதியில் நின்றவளுக்கு ஆபீஸ் நாற்காலி கிடைத்துவிட்டதே என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. எந்த நேரமும் யாராவது வந்து, நீ இங்கே உட்காரக்கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று இருக்கும். அதனால் எதையும் நான்கு தடவை பார்ப்பேன். ஒரு கடிதம் அடித்தால் உறையை ஒட்டிய பிறகு கிழித்து எடுத்து மறுபடி படிப்பேன். அலமாரியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் பாதி வழி போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். ஆபீஸில் எல்லாரும் சிரிப்பார்கள்.

எங்கள் கம்பெனிக்கு மூன்று டிவிஷன். தலைமை ஆபீஸ் ஒன்றில், மற்ற இரண்டும் தூரத்தில். கடைசி டிவிஷன் ஆற்றுப் பக்கம். அங்கே போய் வர மண்பாதையில் லோரியில்தான் முடியும். வேலை செய்கிற எல்லாருடைய பெயரும் செக்ரோல் என்ற பெரிய புத்தகத்தில் இருக்கும். விடியற்காலையில் ஆளெடுக்கும் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எண்ணும் பெயருமாகக் கூப்பிட்டு, வந்தவர்களுக்கு நேரே கோடு போடுவார். சம்பளமும், மருந்தும், லயத்து வீடும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் வரும். பெயர் இருந்தால் ஆள் இருக்கிறான். அவ்வளவுதான் விஷயம்.

ஆபீஸுக்கு மூன்று கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று மேலே முடிவாயிற்று. எங்கள் ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற ஒன்றரை வருஷம் இருந்தது. அவர் அந்த மெஷினைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் கிள்ளானில் நடந்த மூன்று நாள் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். திரும்பி வந்ததும், கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என்று எனக்குப் பெயராகிவிட்டது. எனக்குத் தெரிந்தது, சுவிட்சைப் போட்டால் பச்சை எழுத்து வரும் என்பதும், டிஸ்கை வளைக்கக்கூடாது என்பதும்தான்.

செக்ரோல் புரோகிராம் விற்கிறவர் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு தமிழ் இளைஞர். காரிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார். மெஷின் வாங்குவது வேறு, புரோகிராம் வாங்குவது வேறு என்று அவர் சொன்னது மேனேஜர் துரைக்கே புதிதாக இருந்தது. டிஸ்கை வாங்கினால் டிஸ்க் நம்முடையது, ஆனால் அதில் இருப்பதைப் பயன்படுத்த அனுமதிதான் வாங்குகிறோம் என்றார். லோரியை வாங்கிவிட்டு, அதில் யார் யார் ஏறலாம் என்று தனியாகக் காசு கட்டுவதுபோல எனக்குப் பட்டது.

மூன்று விதமாக வாங்கலாம் என்றார். முதல் வகை, மெஷினுக்கு ஒன்று. ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனி டிஸ்க், அதோடு ஒரு சாவி டிஸ்க். சாவி டிஸ்க் உள்ளே இருந்தால்தான் வேலை செய்யும். அது கெட்டுப்போனால் புதிதாக வாங்க வேண்டும். இரண்டாம் வகை, கம்பெனி முழுவதற்கும் ஒரே லைசன்ஸ். எத்தனை மெஷினிலும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் தலைமை ஆபீஸ் மெஷினில் ஏற்றுகிற பெயர்களுக்கு ஓர் அளவு உண்டு. ஐந்நூறு பெயர் வரை ஒரு விலை. அதற்கு மேலே போனால் ஆயிரம் பெயர் வரை இன்னொரு விலை. மூன்றாவதில் அளவே கிடையாது. ஆனால் வருஷா வருஷம் கட்ட வேண்டும்.

வருஷா வருஷம் கட்டுவதென்றால் வேண்டாம் என்று துரை அங்கேயே சொல்லிவிட்டார். மற்றதில் எது நமக்குச் சரி என்று பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பக்கம் எழுதிக் கொடு என்று என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, ஐந்நூறு நமக்குப் போதும் அல்லவா என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டு போனார். அந்த ஒரு வார்த்தையை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அது கேள்வியா, உத்தரவா என்று தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னவென்று கேட்டதற்கு, சாவி டிஸ்க் மழையில் நனைந்தால் என்ன செய்வது என்று சொன்னேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

முதல் வகையை நான் வேண்டாம் என்று வைத்ததற்குக் காரணம் அந்தச் சாவி டிஸ்க்தான். ஆற்றுப் பக்கத்து டிவிஷனில் கூரை ஒழுகும். அந்த டிஸ்க் பூசணம் பிடித்தால், எலி கடித்தால், யாராவது தேநீரைக் கொட்டினால், அத்தனை பேருக்கும் அந்த மாதம் சம்பளப் பட்டியல் நின்றுவிடும். அப்புறம் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அதனால் இரண்டாம் வகை. ஐந்நூறா, ஆயிரமா என்பதுதான் பாக்கி.

மூன்று செக்ரோலையும் வைத்துக்கொண்டு எண்ணினேன். ஐந்நூற்று முப்பத்தெட்டு வந்தது. மறுபடி எண்ணினேன். நான்காம் தடவையும் ஐந்நூற்று முப்பத்தெட்டுதான். பெரிய கிராணியிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்தார்.

"பிள்ளை, செத்தவையும் ஓடிப்போனவையும் இந்தப் புத்தகத்திலை கிடக்கினம். ஒருத்தரும் வெட்டுறேல்லை. அதுகளைத் தள்ளிப்போட்டுப் பார், ஐந்நூறு காணும்."

தோட்டத்தை விட்டுப் போனவர்கள் இருபத்தாறு பேர் தேறினார்கள். ஒவ்வொரு பெயரையும் அந்தந்த டிவிஷனுக்குப் போன் போட்டுக் கேட்டு, இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் கோடு போட்டேன். ஒருவன் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான் என்றார்கள். திரும்பி வந்தால்? வரமாட்டான் என்றார்கள். அதையும் ஓரத்தில் எழுதி வைத்தேன்.

பிறகு செத்தவர்கள். தோட்ட மருத்துவமனை டிரஸர் எழுதி வைத்திருந்த இறப்புப் பதிவை வாங்கி வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இவர்களைப் பற்றி யாருக்கும் போன் போடவில்லை. செத்தவர்களைப் பற்றி யாரிடம் போய் உறுதி கேட்பது? பதினோரு பேர் கிடைத்தார்கள். பெயர் மட்டும் இருக்கும், அதற்கு நேரே மாதக் கணக்காக வெறும் கட்டங்கள். அவர்களை எடுத்த பிறகு ஐந்நூற்று ஒன்று.

ஐந்நூற்று ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு. ஒரு பெயருக்காக ஆயிரத்துக்கு எழுதினால் துரை என்ன நினைப்பார்? கூட்டத் தெரியாதவள் என்று நினைப்பார். மறுபடி இறப்புப் பதிவை முதலிலிருந்து பார்த்தேன். பன்னிரண்டாவது ஆள் இருந்தார். ஆற்றுப் பக்கத்து டிவிஷன், பழைய எண் இருநூற்றுப் பதினெட்டு. செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆனால் செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே கட்டங்கள் வெறுமையாக இல்லை. போன மாதம் இருபத்துநான்கு நாள் வேலை. அதற்கு முந்தைய மாதம் இருபத்தைந்து. தீபாவளிக்கு மறுநாளும் வந்திருந்தார்.

புத்தகத்தை மூடிவிட்டேன். பிறகுதான் புத்தி வேலை செய்தது. இல்லாத ஆளின் பெயரைக் கூப்பிட்டுச் சம்பளத்தை மண்டோர் எடுத்துக்கொள்கிற கதைகள் எத்தனை கேட்டிருக்கிறேன். அதுதான் இது என்று முடிவு கட்டினேன். அந்த மண்டோரிடம் கேட்கலாம். கேட்டால் திருடன் என்று சொன்னதுபோல ஆகும். நாளைக்கு அப்பாவை ஏதாவது செய்துவிட்டால்? துரையிடம் சொல்லலாம். சொன்னால் விசாரணை, சாட்சி என்று என்னை நிறுத்துவார்கள். சத்தமில்லாமல் பெயரை எடுத்துவிட்டால் திருட்டும் நிற்கும், எண்ணிக்கையும் சரியாகிவிடும். இருபத்தாறு பேருக்குப் போன் போட்டுக் கேட்ட நான், இந்த ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை. நான்கு தடவை பார்க்கிறவள், ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. தெரியாது என்று நான் சொல்வது இவ்வளவுதான்.

கோடு போட்டேன். ஐந்நூறு வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தேன். துரை படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். அன்றைக்கு முழுவதும் நான் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது அதிகமாகக் கூசுகிறது.

புரோகிராம் வந்தது. ஒரு மாதம் உட்கார்ந்து பெயர்களை ஏற்றினேன். மெஷின் பழைய எண்களை ஏற்றுக்கொள்ளாது, அதுவாகவே ஒன்றிலிருந்து ஐந்நூறு வரை புது எண் கொடுத்தது. முதல் பட்டியல் அச்சாகி மூன்று டிவிஷனுக்கும் போயிற்று. இனி இதைப் பார்த்துத்தான் பெரட்டில் கூப்பிட வேண்டும் என்று துரை சொல்லியனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும். வேலைக்குப் போகிற நீளக்கைச் சட்டை, தலையில் துண்டு. ஆற்றுப் பக்கத்திலிருந்து உர லோரியில் வந்திருக்கிறாள். எனக்குப் பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டிருந்தது. என்ன அக்கா என்று கேட்டேன்.

"எரநூத்துப் பதினெட்டு கூப்புடல புள்ள. ரெண்டு நாளாச்சி."

எண்ணெல்லாம் மாறிவிட்டது, பெயரைச் சொல்லுங்கள் என்றேன். அவள் தன் பெயரைச் சொன்னாள். பட்டியலில் பார்த்தேன், இல்லை. என் பேரு இருக்காது, வீட்டுக்காரர் பேரில்தான் என்றாள். சரி, வீட்டுக்காரர் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். அவள் பேசாமல் நின்றாள். நான் மெஷினில் இருநூற்றுப் பதினெட்டைத் தட்டிப் பார்த்தேன். வேறு டிவிஷன் ஆள் ஒருவர் பெயர் வந்தது. அதைப் படித்து, இவரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பின்னே யார் என்றேன். கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எரநூத்துப் பதினெட்டுதான் புள்ள என்று மறுபடியும் அதையே சொன்னாள். நாளைக்கு மண்டோரை வரச் சொல்லுங்கள் என்று நான் பிரிண்டர் பக்கம் திரும்பிவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றாளோ, திரும்பிப் பார்த்தபோது இல்லை.

பெரிய கிராணி தன் மேசையிலிருந்தே சொன்னார்.

"என்ன பிள்ளை நீ. புருசன்ரை பேரை அவள் தன்ரை வாயாலை சொல்லுவாளோ?"

எனக்குத் தெரியாததா? என் அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அடையாள அட்டை வாங்கும் ஐசி ஆபீஸில்கூட அம்மா என்னைத்தான் சொல்லச் சொல்வாள். மெஷின் முன்னால் உட்கார்ந்த ஒரு மாதத்தில் அது எப்படி மறந்தது? அலமாரியைத் திறந்து பழைய செக்ரோலை எடுத்தேன். இருநூற்றுப் பதினெட்டு. நான் போட்ட சிவப்புக் கோடு.

அன்று சாயந்தரமே மண்டோர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஆபீஸுக்குள் வரவில்லை, சைக்கிள் கொட்டகைப் பக்கம் என்னைக் கூப்பிட்டார். பெரிய உருவம். நான் நினைத்துப் பயந்த ஆள். நிதானமாகத்தான் சொன்னார். அந்தப் பெண்ணுக்குச் சிவப்பு ஐசி. பிறப்புப் பத்திரம் எங்கேயோ தொலைந்து போனதால் குடியுரிமை கிடைக்கவில்லை. வேலை பெர்மிட் இல்லாமல் அவளைச் செக்ரோலில் சேர்க்க முடியாது. புருஷன் இருக்கிறவரை அவர் பெயரிலேயே அவரோடு சேர்ந்து வேலை செய்தாள். அவர் ஒரு நாள் வேலைக்காட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்ததும், டிவிஷன் வேலைகளைப் பார்த்துக்கொண்ட அப்போதைய கண்டக்டரும் இவரும் பேசி, பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள். விட்டால் வீடு இருக்கும். மூன்று வருஷமாகப் பெரட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டால் அவள்தான் குரல் கொடுப்பாள். லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆபீஸுக்கு மட்டும்தான் தெரியாது.

"செத்தவன் பேருல நான் சம்பளம் தின்னுறேன்னு நெனச்சிட்டே, இல்ல?"

அவர் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார்.

"கேட்டிருக்கலாம்லா. போன் இருக்கு. ஒரு வார்த்த."

அவர் போன பிறகு மெஷினைப் போட்டு அந்தப் பெயரை ஏற்றப் பார்த்தேன். ஏறவில்லை. இடம் நிறைந்துவிட்டது என்று ஒரு வரி வந்தது. மறுபடி அடித்தேன். அதே வரி. செத்தவருடைய பெயர் பாதி திரையில் நின்று மறைந்தது. பச்சை எழுத்து அழிந்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணாடியில் ஒரு மங்கல் இருக்கும், அந்த மெஷின் அப்படி. அந்த மங்கலில் அவர் பெயரைப் படிக்க முடிந்தது.

மறுநாள் விற்றவருக்குப் போன் போட்டேன். ஒரே ஒரு பெயர் கூடுதலாக வைக்க வழி உண்டா என்று கேட்டேன். ஒரு பெயருக்காகவா கவலைப்படுகிறீர்கள் லா, யாரையாவது தூக்கிவிட்டுப் போடுங்கள் என்று சிரித்தார். இல்லையென்றால் ஆயிரம் பெயர் அளவை வாங்கிக்கொள்ளுங்கள், துரை கையெழுத்துப் போட்டால் ஒரு வாரத்தில் டிஸ்க் வரும், வித்தியாசம் அறுநூறு வெள்ளிதான் என்றார்.

துரையிடம் போனேன். புது ஆட்கள் வருவார்கள் போலிருக்கிறது, ஆயிரத்துக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டேன். அவர் என் காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். ஐந்நூறு போதும் என்று எழுதியது நீதானே என்றார். கோபமாகக் கேட்கவில்லை. வருஷ முடிவில் பார்க்கலாம் என்றார். அங்கே நின்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண் சட்டத்துக்கு முன்னால் நிற்க வேண்டியிருக்கும், மண்டோருக்கும் வேலை போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் நாக்கு எழாததற்கு அது காரணமும் இல்லை. என் நாற்காலி போய்விடும் என்று பயந்தேன்.

பிறகு ஒருவரைத் தூக்கலாமா என்று பார்த்தேன். ஐந்நூறு பெயர்களையும் ஒவ்வொன்றாகக் கீழே ஓடவிட்டேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வீடு தெரிந்தது. அப்பாவின் பெயர் வந்த இடத்தில் விரலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு ஓய்வு பெற நான்கு மாதம்தான் இருந்தது. எங்களுக்கு என் சம்பளமும் உண்டு. அவரை எடுத்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், மிஞ்சிப்போனால் திட்டியிருப்பார். அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

வீடுகள் வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது அந்த மாதக் கடைசியில். கான்ட்ராக்ட் ஆட்கள் வரப்போகிறார்கள், லயத்தில் பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் காலி செய்ய வேண்டும். என் பட்டியலை வைத்துக்கொண்டு கண்டக்டர் வீடு வீடாகப் போய்ப் பார்த்து வந்தார். நான்கு வீடு தேறின. நான்கு கடிதங்களையும் அடிக்க வேண்டியவள் நான். பெயர் கிடையாது, குடியிருப்பவருக்கு என்று தொடங்கும். வீட்டு எண் மட்டும் மாறும். ஆற்றுப் பக்கத்து டிவிஷன் கடிதத்தை அடிக்கும்போது எழுத்து பிழையாகும், அதைச் சாக்கு வைத்து நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். ஒரு பிழைகூட வரவில்லை. உறையை ஒட்டினேன். அன்றைக்குக் கிழித்து எடுத்துப் பார்க்கவும் இல்லை.

அவள் போன நாளை நான் பார்க்கவில்லை. சுங்கை புரோங் பக்கம் நெல் வயல் வேலைக்குப் போய்விட்டதாக மண்டோர் பெரிய கிராணியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. என்னிடம் அவர் பிறகு பேசியதே இல்லை. பட்டியல் வாங்க வந்தால் மேசையைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டுவார்.

அதற்குப் பிறகுதான் அது தொடங்கியது. பட்டியல் அச்சாகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்போது, இரு பெயர்களுக்கு நடுவே பிரிண்டர் ஒரு கணம் நிற்கும். எல்லா மெஷினும் அப்படி நிற்கும்தான். எனக்கு மட்டும் அந்த இடத்தில் யாரோ பதில் சொல்லக் காத்திருப்பதுபோல இருக்கும். நான் எழுந்து வெளியே போய் நிற்பேன். மறு வருஷம், யாரும் கேட்காமலே, கான்ட்ராக்ட் ஆட்களுக்காகத் துரை ஆயிரம் பெயர் அளவை வாங்கினார். ஒரே நாளில் ஐந்நூறு இடம் காலியாகக் கிடந்தது. ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது அந்தப் பெயரை அடித்துப் பார்த்தேன். உடனே ஏற்றுக்கொண்டது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அழித்தேன். இரண்டாம் தடவையாக.

அந்தப் பெண்ணை நான் மறுபடி பார்த்தது தஞ்சோங் காராங் சந்தையில். வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். மீன் விற்கிற பக்கத்தில் நின்றாள். மெலிந்திருந்தாள், தலையில் அதே மாதிரி துண்டு. ஓடிவிடலாம் என்றுதான் முதலில் கால் திரும்பியது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். ஆபீஸ் புள்ளதானே என்றாள். நன்றாக இருக்கிறீர்களா அக்கா என்று கேட்டேன். அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு அறை, ஆறு பேர் சேர்ந்து இருக்கிறோம் என்றாள். நெல் இல்லாத மாதத்தில் வேலை இல்லை, அறைக்காரன் முகத்தைத் தூக்குவான் என்றாள்.

மீன் தண்ணீர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொல்லிவிட்டேன். பெயரை எடுத்தது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும். மண்டோர் அப்பவே சொல்லிட்டாரு."

அவ்வளவுதான் சொன்னாள். மீன்காரன் தராசைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேச ஆரம்பித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, மெஷினில் ஐந்நூறு பேருக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தோம், ஒருவர் கூடிவிட்டார், அதற்கு மேல் ஏறாது, மறுபடி ஏற்றிப் பார்த்தேன், முடியவில்லை என்று ஏதேதோ சொன்னேன். அவள் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். மெஷினுக்கு யார் அப்படிச் சொல்லி வைத்தது என்று கேட்டாள். விற்கிறவர்கள்தான், கூடக் காசு கட்டினால் கூட ஏற்றலாம் என்றேன்.

"கூடன்னா எவ்வளவு?"

சொல்லியிருக்கக்கூடாது. கேட்டுவிட்டாள், சொன்னேன். அறுநூறு வெள்ளி.

மீன்காரன் மீனைப் பையில் போட்டுக் கொடுத்தான். அவள் வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தாள். முணுமுணுத்து ஏதோ கூட்டிப் பார்த்ததுபோல இருந்தது.

"எங்கிட்ட ரெண்டு வளையல் இருந்திச்சி புள்ள. அவரு போட்டது. இங்க வந்து ஒரே மாசத்துல வித்துத் தின்னுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "கேட்டிருந்தா நான் கட்டியிருப்பேனே."

திட்டுவதுபோலச் சொல்லவில்லை. இப்போதும் அதற்கு வழி இருக்கிறதா என்று கேட்பதுபோல என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் அப்போது கான்ட்ராக்ட் ஆட்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். வீட்டு எண்ணை நான்தான் அவர்கள் பெயருக்கு நேரே ஏற்றியிருந்தேன். அதைச் சொல்லாமல் மீன்காரன் பக்கம் திரும்பினேன். சுங்கை புரோங் பஸ் வந்து நின்றது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய், பின் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.